சண்டைக்கு வந்த மெஷினு

அதத் தொடாதீங்க ஏட்டய்யா, இன்னும் சூடு ஆறல, கை வெந்துரும். இந்தாண்ட நெழலுக்கு வாங்க. இந்தக் கயித்துக் கட்டில்ல உக்காருங்க. தண்ணி குடிப்பீங்களா? எங்க வூட்டுத் தண்ணிதான். குடிப்பீங்கன்னா கொண்டாரேன். இந்த ஊர்ல கேட்டுட்டுத்தான் குடுக்கணும், அதான் கேட்டேன். வேணாமா? சரி, வுடுங்க.

ஆமாங்க, எங்க மெஷினுதான். எங்க வூட்டுக்காரரு பிலவேந்திரன் பேர்ல இருக்குது. திருட்டு மெஷினான்னா கேக்குறீங்க? இந்த எடைய எவன் திருடித் தூக்கிட்டு வருவான், சொல்லுங்க. எங்களுக்கு ஏது இம்மாம் பெரிய சாமானுன்னு நெனைக்கிறீங்க. ஊரே அதத்தான் நெனைக்குது. நெனைச்சுட்டுப் போவட்டும்.

கல்லறைச் சுவரு உழுந்து கெடக்குது, அத விசாரிக்கத்தான் வந்திருக்கீங்க. தெரியும். கோயில் நாட்டாமை அமிர்தசாமி புகார் குடுத்தாரு, ஒங்க ஆளுங்க வந்தாங்க, எங்க வூட்டுக்காரரப் புடிச்சு இழுத்துட்டுப் போயிட்டாங்க. என்னா ஏதுன்னு அவர ஒரு வார்த்த பேச வுட்டாங்களா? இல்ல. இப்ப எங்கிட்ட கேக்க வந்துட்டீங்க. கேட்டா நான் மொதல்லேருந்துதான் சொல்லுவேன். நடுவுல எந்திரிச்சுப் போவக்கூடாது.

சண்ட சமயத்துல உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஏரோப்ளேன் எறங்க மைதானம் போட்டாங்கல்ல, அங்க எங்க வூட்டுக்காரரு கூலிக்குப் போனாரு. அங்க இருந்த மெஷினுதான் இது. தோ, இந்தக் கை இருக்குது பாருங்க, இது முன்னால நீண்டு போயி, நுனியில இருக்குற வாளிய மண்ணுல ஊணி, தம் பக்கமா இழுக்கும். நம்ம மம்பட்டியால வெட்டி இழுக்குறோமே, அதே மாதிரி. இரும்புக் கயித்துல நடக்குற வேல எல்லாம். மழத்தண்ணி ஓட மைதானத்தச் சுத்தி வாய்க்கா வெட்டுனது இதுதான். ஓட்டுனவன் வெள்ளக்காரச் சிப்பாய். எங்க ஆளுக்கு கிரீஸ் வைக்கிற வேல. கிரீஸ் வச்சவருக்கு மெஷினே தெரியும்னு ஒரு நெனப்பு வந்துருச்சு. அங்க புடிச்சுது சனி.

சண்ட முடிஞ்சு வெள்ளக்காரன் மூட்ட கட்டுனான். எல்லாத்தையும் ஏலத்துல வுட்டான். இத ஒரு பழைய இரும்புக்காரன் எடுத்து, வாங்குறதுக்கு ஆளில்லாம மழயிலயும் வெயில்லயும் போட்டு வச்சிருந்தான். எங்க ஆளு போயி வாங்கியாந்துட்டாரு. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. மாடு வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனவரு. ஓடுதா ஓடலையான்னு கூடப் பாக்கல. ஓட்டிக் காட்டுன்னு கேக்க வேணாமாங்க? கேட்டா, அது எனக்குத் தெரிஞ்ச மெஷினு விண்ணரசிங்குறாரு.

கைய, வாளிய, கயித்தயெல்லாம் கழட்டி கூட்ஸு வண்டியில அரியலூருக்கு வந்துச்சு. அங்கேருந்து மாட்டு வண்டி. அடி ஒடம்ப ஒரு லாரிக்காரன் சங்கிலி போட்டு இழுத்தாந்தான். வர்ற வழியெல்லாம் ரோட்டக் கிழிச்சுக்கிட்டே வந்துச்சு. ஊரே கூடி நின்னு சிரிச்சுது. அமிர்தசாமி அன்னிக்கே சொன்னாரு, பிலவேந்திரா, ஒன் குடிசையவிட இது பெருசா இருக்கே, நீ இதுக்குள்ளயே குடியிருக்கலாமேன்னு. எங்க ஆளும் கூடச் சேந்து சிரிச்சாரு. எனக்கு வவுறு எரிஞ்சுது. ரெண்டு பேர் மேலயும்.

ஒரு வருசம் இங்கதான் கெடந்துச்சு. கோழி அடகாத்துச்சு உள்ள. எஞ்சினத் தொறந்தா குளவிக் கூடு. எஞ்சினக் கெளப்பச் சுத்துற கம்பியப் போட்டு ரெண்டு ஆம்பளைங்க தொங்குனாலும் அசையல. உள்ள பிஸ்டனு துரு ஏறிப் புடிச்சுக்கிச்சாம். நான் அது பக்கமே போவ மாட்டேன். வாசப் பெருக்கும்போது வெளக்கமாத்தால ஒரு அடி வச்சுட்டுப் போவேன். மாடு வாங்குற காசு, எருவு வாங்குற காசு, எல்லாம் துருப்புடிச்சுக் கெடக்குதேன்னு.

அப்பறம் எப்புடி நான் அதுல எறங்குனேன்னு கேக்குறீங்களா? சொல்றேன். போன மார்கழியில எறங்குனேன். ஏன்னு பொறவு சொல்றேன், இப்ப நான் சொல்றபடி கேளுங்க.

ஒரு நா நானே மண்ணெண்ணெய எடுத்து, வெளக்கெண்ணெ கலந்து, பிளக்கக் கழட்டி அந்த ஓட்டைக்குள்ள ஊத்துனேன். எங்க ஆளு ஆன்னு பாத்தாரு. மண்ணெண்ணெ ரேசன்ல வர்றது. நாங்க இருட்டுல சோறு தின்னோம், மெஷினு எண்ணெ குடிச்சுது. தெனமும் கம்பியப் போட்டு ஆட்டிப் பாப்பேன். அசையாது. திட்டுவேன். அடுத்த நா மறுபடி ஊத்துவேன். பொங்கல் கழிச்சு ஒரு காலையில கம்பி ஒரு விரக்கடை நவுந்துச்சு. எனக்கு சந்தோசமெல்லாம் வரல. இம்புட்டு நாளும் ஏன் மக்கர் பண்ணுச்சுன்னு கோவந்தான் வந்துச்சு.

பிரேக்குக்கு உள்ள பட்டை தேஞ்சு போச்சு. மில்லுல கழிச்சுப் போட்ட பெல்ட்ட கேக்கப் போனேன். மில்லுக்காரரு, ஒனக்கு எதுக்கும்மா பெல்ட்டு, எருமையக் கட்டவான்னாரு. ஆமான்னு சொல்லி வாங்கியாந்து அறுத்து, ரிவிட்டு அடிச்சோம். வாளிக்குப் பல்லு ஒண்ணுகூட நேரா இல்ல. லாரி வில்லுப்பட்டைய வாங்கியாந்தோம், கொல்லரு அதப் பல்லா அடிச்சுக் குடுத்தாரு. இரும்புக் கயிறு, சுண்ணாம்புக்கல்லு தோண்டுற எடத்துல பழசு கெடச்சுது. நார் நாரா நிக்கும், கையக் கிழிக்கும். பாருங்க இந்த உள்ளங்கைய. களையெடுத்த கையின்னா சொல்லுவீங்க இத?

இதெல்லாம் ஆன பொறவு பாத்தா, எஞ்சின்ல பொறி வரல. பொறி போட ஒரு சின்னப் பெட்டி இருக்குது, மேக்னட்டும்பாங்க. திருச்சியிலேருந்து குருநாதன்னு மெஷினு சரி பண்ற ஒரு பிட்டர எங்க ஆளு கூட்டியாந்தாரு. இருந்த ஒரு சேவலையும் அடிச்சுக் கொழம்பு வச்சேன் அந்த மனுசனுக்கு. தின்னுட்டு, பெட்டிய கடைக்குக் கொண்டு போயி சரி பண்ணணும்னு எடுத்துட்டுப் போனான். கொண்டாந்து மாட்டுனான். அப்பவும் பொறி வரல. ஒங்க எஞ்சினே செத்துப் போச்சு, எடைக்குப் போட்டுருங்க, நானே வாங்கிக்கிறேன்னான். எங்க ஆளு தலையில கைய வச்சு உக்காந்துட்டாரு. சரின்னு சொல்லவே வாயெடுத்துட்டாரு.

நான் அந்தப் பெட்டியப் பாத்தேன். எங்க பெட்டி இல்ல அது. எங்க பெட்டிய மண்ணெண்ணெ போட்டுத் தேச்சவ நானு. அதுல ஒரு திருகாணி தொலைஞ்சு போயி, என் தையல் மிஷின் திருகாணியப் போட்டு முடுக்கியிருந்தேன். இதுல அது இல்ல. அவன ஊருக்குப் போவ வுட்டேன். மறுநா காலம்பர ரயிலேறி திருச்சிக்குப் போயி, அவன் ஷெட்டத் தேடிப் புடிச்சு வாசல்ல குந்திட்டேன். போம்மான்னான். போவல. வாடிக்கைக்காரன் ஒவ்வொருத்தன் வரும்போதும் சொன்னேன், அய்யா, நல்ல சாமான இங்க குடுக்காதீங்க, மாத்திருவான்னு. வெயிலு ஏற ஏற அவனுக்கு வேர்த்துச்சு. கடைசியா, இது ஒன்னுதுன்னு எழுதியிருக்கான்னு கேட்டான்.

எழுதல. ஆனா அந்தத் திருகாணியக் கழட்டு, என் மிஷினுக்கு அது இல்லாம ரவிக்க தைக்க முடியலன்னேன்.

பெட்டியக் குடுத்துட்டான். மடியில வச்சு கட்டிக்கிட்டு வந்தேன், புள்ளயத் தூக்கிட்டு வர்ற மாதிரி.

வந்தன்னிக்கே மாட்டுனோம். பெட்ரோல் கூப்பனுக்கு நாயா அலைஞ்சு வாங்குன சொட்டு பெட்ரோல ஊத்தி, கம்பியச் சுத்துனதும் ஒரு கனைப்பு கனைச்சு, கரும்பொகையா கக்கி, எடுத்துக்கிச்சு. ஓடும்போது மண்ணெண்ணெக்கு மாத்திக்கணும். எங்க ஆளு குதிக்கிறாரு. அக்கம்பக்கமெல்லாம் ஓடியாந்துச்சு. நான் போயி வாளிய மண்ணுல ஊணச் சொன்னேன். ஊணி இழுத்துச்சு. வாய்க்கா மாதிரி கோடு உழுந்துச்சு தரையில. அதப் பாத்துட்டு உள்ள போயிப் படுத்துட்டேன்.

வேலயா? வேலக்கி விக்கிரமங்கலம் பக்கம் ஒரு பண்ணக்காரரு குளம் தோண்டக் கூப்புட்டாரு. போனோம். பாதி தோண்டும்போது அவரு கரையில வந்து நின்னாரு. நான் கீழ நிக்கிறேன், நீ மேல உக்காந்துருக்கியா, எறங்குடான்னாரு. எறங்கிட்டா மெஷின எவன் ஓட்டுறது? அதுகூடத் தெரியல. அதோட அந்த வேல போச்சு. அதுக்கப்பறம் யாரும் கூப்புடல. பரவால்லன்னேன். எங்க ஆளுக்கு நான் அப்புடிச் சொன்னது ஆச்சரியமா இருந்துச்சு. இம்புட்டு பாடுபட்டது பொழப்புக்குத்தானே, பரவால்லங்கிறாளேன்னு. நான் பொழப்புக்குப் பாடுபடல.

எழுதுறத நிறுத்திட்டீங்களே. எழுதுங்க.

எங்க கல்லறை தெரியுமா ஒங்களுக்கு? வர்ற வழியில பாத்தீங்கல்ல. ஒரே கோயிலு, ஒரே சாமியாரு, ஒரே பூசை. செத்தா மட்டும் நடுவுல சுவரு. மேட்டுப் பக்கம் அவங்களுக்கு, அமிர்தசாமி சாதி ஆளுங்களுக்கு. பள்ளத்துப் பக்கம் எங்களுக்கு. ஓடைக்குப் போவணும்னா தண்ணி அவங்க பக்கத்து மூலை வழியாத்தான் போவணும், மேட்ட ஆழமா வெட்டி எடுத்த பழைய வாய்க்கா அங்கதான் இருக்குது. சுவரு அத மறிச்சுக்கிச்சு. ஐப்பசி மழை புடிச்சா எங்க பக்கம் குளமா நிக்கும். கல்லறைத் திருநாளுக்கு அவங்க மெழுகுத்திரி ஏத்துவாங்க. நாங்க தண்ணியப் பாத்துக்கிட்டு கரையில நிப்போம்.

போன ஐப்பசியில எம்பொண்ணு போயிட்டா. லீலா மேரி. காய்ச்ச. அரியலூரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள வண்டியிலேயே போயிட்டா. ஒரே புள்ள. குழி வெட்டுனாங்க, வெட்ட வெட்டத் தண்ணி. கொடம் கொடமா எறைச்சோம். எறைச்சுட்டு பெட்டிய எறக்குனோம், அது நிக்கல, மெதந்துச்சு. எம்புள்ள பெட்டி மெதந்துச்சுங்க. ரெண்டு ஆம்பளைங்க மேல ஏறி நின்னு மிதிச்சாங்க. மிதிச்சுப் புடிச்சுக்கிட்டே மண்ணத் தள்ளுனாங்க. பெத்தவ நான் பாத்துக்கிட்டு நின்னேன்.

எட்டாம் நா அமிர்தசாமி வூட்டு வாசல்ல போயி நின்னேன். சுவரு கெடக்கட்டும், அடியில ஒரே ஒரு ஓட்ட போட்டு வுடுங்க, தண்ணி வடியட்டும், வேற ஒண்ணும் கேக்கலன்னேன். அவரு என்னா சொன்னாருன்னு அப்புடியே எழுதிக்குங்க.

ஒங்க பொணத்துத் தண்ணி எங்க பக்கம் வரணுமான்னாரு.

வூட்டுக்கு வந்தேன். வாசல்ல இது நின்னுச்சு. வாய்க்கா வெட்டுன மெஷினுன்னு எங்க ஆளு ஆயிரம் தடவ சொன்னது அப்பத்தான் எங்காதுல உழுந்துச்சு.

அவருக்கு எதுவும் தெரியாது. நான் சொல்லல. சொல்லியிருந்தா, வேணாம் விண்ணரசின்னு கால்ல உழுந்திருப்பாரு. நல்ல மனுசன், சண்டைக்குப் போவத் தெரியாது. ஆடி மாசம் கம்பி சுத்தும்போது எஞ்சின் எதிர்த்து ஒதைச்சு, அவரு வலது மணிக்கட்டு ரெண்டா போயிருச்சு. மாவுக்கட்டு போட்டுருக்காரு. இன்னும் ஒரு சோத்து உருண்டகூட அந்தக் கையால புடிக்க முடியாது. அந்தக் கட்டோட தான ஒங்க ஆளுங்க இழுத்துட்டுப் போனாங்க? இந்தக் கம்பிய சுத்தி, இந்த நெம்புகோல ரெண்டு கையாலயும் இழுத்து, காலால பிரேக்க மிதிச்சு, அந்த ஆளு எப்புடிங்க சுவரத் தள்ளியிருப்பாரு? ஒருத்தருக்காவது தோணுச்சா?

ஆடியிலேருந்து வாசல்ல வச்சு நாந்தான் ஓட்டிப் பழகுறேன். பக்கத்துல நின்னு அவரு சொல்லுவாரு, நான் இழுப்பேன். இந்த வருசம் மழ முன்னாலயே புடிச்சுக்கிச்சு. மறுபடி தண்ணி நின்னுச்சு எம்புள்ள மேல. இன்னிக்குக் காலையில எல்லாரும் பூசைக்குப் போன பொறவு கெளப்பிட்டுப் போனேன். பட்டப்பகல்ல. அவரு சத்தங் கேட்டு ஓடியாந்து, நிறுத்து நிறுத்துன்னு கத்துனாரு. பூசை முடிஞ்சு வந்த அமிர்தசாமியும் என்னப் பாத்தாரு. எம்மூஞ்சிய நேராப் பாத்தாரு. ஆனா ஒரு பொம்பள, அதுவும் எங்க தெருப் பொம்பள இடிச்சான்னு ஸ்டேஷன்ல சொல்ல அவருக்கு வெக்கமா போச்சு. அதான் பிலவேந்திரன்னு எழுதிக் குடுத்துட்டாரு.

நீங்க சரியா எழுதுங்க. விண்ணரசி, பிலவேந்திரன் பொண்டாட்டி. சுவர இடிச்சேன்னு எழுதாதீங்க. ஓடைக்கு வாய்க்கா வெட்டுனேன். சுவரு குறுக்க நின்னுச்சு.

தண்ணியெல்லாம் வடிஞ்சிருச்சுங்க. எம்புள்ள இருக்குற எடத்துல மண்ணு தெரியுது. அவர வுட்டுருங்க, கை வீங்கிரும். கொஞ்சம் இருங்க, பொடவையெல்லாம் எண்ணெ, மாத்திட்டு ஒங்ககூட வந்துர்றேன்.