இடது மேல் மூலையில் ஒரு கறை

டமார் என்று ஒரு சத்தம். ஏற்காட்டில் சித்திரை மழைக்கு இடி புதிதல்ல. ஆனால் அன்றைய இடி என் எக்ஸ்ரே சென்டருக்குப் பின்னால் நின்ற சில்வர் ஓக் மரத்தில் விழுந்தது. யு.பி.எஸ். ஒருமுறை கீச்சென்று கத்தி அடங்கியது. கரண்ட் திரும்பி வந்தபோது எக்ஸ்ரே மெஷின் நன்றாக இருந்தது. கம்ப்யூட்டரும் நன்றாக இருந்தது. மானிட்டரில் மட்டும், இடது மேல் மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல். புகை படிந்த சுவர் மாதிரி.

இவ்வளவோடு போனதே என்றுதான் அன்று நினைத்தேன்.

என் பெயர் செல்வராஜ். சுற்றியிருக்கும் மலைக் கிராமத்துக்காரர்கள் சேலம் வரை இறங்காமல் படம் எடுத்துக்கொள்ள என்னிடம் வருவார்கள். மிளகு பறிக்க ஏணி ஏறிச் சறுக்கியவர்கள், பைக்கில் வளைவில் விழுந்தவர்கள், இருமல்காரர்கள். நான் படம் எடுப்பேன். அதைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் சேலத்தில் இருக்கிறார். முழுப் படத்தையும் அனுப்ப இங்கே நெட் இழுக்காது. அதனால் மானிட்டரில் தெரிவதை செல்போனில் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்புவேன். பிலிம் போட்டால் தனிச் செலவு என்பதால் பெரும்பாலோர் ரிப்போர்ட் மட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள். சரியான முறை அல்ல என்று நீங்கள் சொல்லலாம். அந்த முறையில்தான் பல பேருக்கு எலும்பு கூடியது.

இடி விழுந்த மறுநாள் டாக்டர் போன் செய்தார்.

"என்ன செல்வராஜ், எல்லாருக்கும் வலது நுரையீரல் உச்சியில புகையா இருக்குது? ஏற்காட்டுப் பனி உள்ள போயிருச்சா?"

எக்ஸ்ரேயில் ஆள் நம் எதிரே நிற்பது போல இருப்பார். நமக்கு இடது பக்கம் தெரிவது அவருடைய வலது நுரையீரல். கறை சரியாக அதன் உச்சியில் உட்கார்ந்திருந்தது.

"அது நம்ம மானிட்டர் கறைங்க சார். இடி விழுந்ததுல வந்தது."

"அப்படியா. அந்த எடத்தை விட்டுட்டுப் பாக்கறேன். சீக்கிரம் மாத்திருங்க."

மாற்றிவிடுகிறேன் என்றேன். மாற்றத்தான் நினைத்தேன். அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏரிச் சாலையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் முகமது யூசுப் பாய் மூன்று மானிட்டர்களைக் காட்டினார். முதலாவது விலை குறைவு, ஆனால் சாம்பல் நிறத்தில் உள்ள நுணுக்கமெல்லாம் ஒரே கறுப்பாகத் தெரியும். மூன்றாவது ஆஸ்பத்திரிகளுக்கென்றே செய்தது, அதன் பக்கமே போக முடியாது. நடுவில் இருந்தது போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் வாங்குவது. என் வேலைக்கு அது போதும். அந்த மழைக்கு வீட்டுக் கூரைத் தகடும் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு வாரம் கூரை ஜெயிக்கும், மறு வாரம் மானிட்டர் ஜெயிக்கும். சந்தைக்குப் போகும்போதெல்லாம் கடையில் நின்று அதைப் பார்த்துவிட்டு வருவேன்.

"ஏனுங்க செல்வராஜ், பொண்ணு பாக்க வர்ற மாதிரி வந்து வந்து பாத்துட்டுப் போறீங்க," என்றார் யூசுப் பாய். "பொண்ணே எந்திரிச்சு வந்து காப்பி குடுக்கும்போல இருக்குது."

"பட்ஜெட் இடிக்குதுங்க பாய்."

"ஒண்ணு பண்ணுங்க. எடுத்துட்டுப் போயி ரெண்டு நாளு வெச்சுப் பாருங்க. புடிச்சா வெச்சுக்கங்க, மெதுவாக் குடுங்க. புடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துருங்க. நம்மளுக்குள்ள என்னங்க."

ஆடி மாதம் அது. அட்டைப் பெட்டியைப் பிரித்து, ஒயரை மாற்றிச் செருகி, புது மானிட்டரைப் போட்டேன். பளிச்சென்று இருந்தது. புதிதாக ஒன்றை வாங்குகிறவன் என்ன செய்வான்? பழையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பான். நானும் பழைய படங்களைத் திறந்தேன். இடி விழுந்த நாளிலிருந்து எடுத்த நெஞ்சுப் படங்களை ஒவ்வொன்றாக.

பெரும்பாலான படங்களில் அந்த மூலை சுத்தமாக இருந்தது. சிலவற்றில் இல்லை. கறை போன பிறகும் புகை இருந்தது.

அப்படிப்பட்ட படங்களில் ஒன்று குழந்தைவேல் அண்ணனுடையது. வாழவந்தியில் கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்திருப்பவர். வைகாசியில் இருமல் என்று வந்திருந்தார். ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னபோது, "ஏனுங்க சார், நொம்பக் குளுருது. நெஞ்சைப் படம் புடிக்கறதுக்குள்ள நெஞ்சே நின்னுரும்போல," என்று சொல்லி என்னைச் சிரிக்க வைத்தவர். அவருடைய ரிப்போர்ட்டில் குறை ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தது. புது மானிட்டரில் அவருடைய வலது நுரையீரலின் உச்சியில் காப்பிக் கொட்டை அளவுக்கு ஒரு நிழல் இருந்தது.

டாக்டர் அதைப் பார்த்திருந்தால் சளியைப் பரிசோதிக்கச் சொல்லி ஒரு வரி எழுதியிருப்பார். டி.பி. என்று தெரிந்தால் அரசாங்க மாத்திரை இலவசம். மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதவன் போல நான் பேசவில்லை.

ஆனால் என் நிலைமையையும் பாருங்கள். அவரைக் கூப்பிட்டுச் சொன்னால், போன தடவை ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். மற்றவர்களையும் கூப்பிட வேண்டும். ஊர் முழுக்கப் பேசுவார்கள். சென்டரை மூட வேண்டி வரும். மூடினால் அத்தனை கொண்டை ஊசி வளைவையும் தாண்டிக் கை ஒடிந்த குழந்தையைச் சேலத்துக்குத் தூக்கிப் போக வேண்டியவர்கள் யார்? இதே மலைக்காரர்கள்தான். ஒரு சிலருக்காகப் பலரைச் சிரமப்படுத்துவதா? எப்படித் திருப்பிப் போட்டாலும் கணக்கு ஒரே இடத்தில்தான் வந்து நின்றது. நான் என்ன செய்ய முடியும்?

மறுநாள் மானிட்டரைத் திருப்பிக் கொடுத்தேன்.

"புடிக்கலீங்களா?" யூசுப் பாய் ஆச்சரியப்பட்டார்.

"அவ்வளவா வித்தியாசம் தெரியலைங்க பாய்."

"கண்ணாடி மாத்துங்க மொதல்ல. அப்பறம் மானிட்டரை மாத்தலாம்," என்று சிரித்தார்.

பழைய மானிட்டரை மறுபடி மாட்டினேன். கூரைத் தகட்டை மாற்றினேன். டாக்டர் இடையில் ஒருமுறை கேட்டார், புதுசு வாங்கியாச்சா என்று. பட்ஜெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். பாவம், அவரும் அதற்கு மேல் என்ன சொல்வார்.

ஐப்பசியில் குழந்தைவேல் அண்ணன் மறுபடி வந்தார். மகள் சிவசக்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் சேலத்தில் துணிக்கடையில் வேலை பார்க்கிற பெண். அப்பாவுக்காக லீவு போட்டு வந்திருந்தாள். அவர் ஸ்வெட்டரைக் கழற்றியபோது விலா எலும்புகள் தெரிந்தன. இந்த முறை ஜோக் அடிக்கவில்லை.

"போன தடவை ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்களே சார்," என்றாள் சிவசக்தி.

"டாக்டர் சொன்னது கண்ணு. நான் படம் மட்டுந்தான் எடுக்கறேன்."

"அப்பாவுக்கு ஊட்டுலிருந்து ரோட்டுக்கு வர்றதுக்குள்ளயே மூச்சு வாங்குதுங்க."

"மழைக் குளிரு. எல்லாருக்கும் அப்படித்தான்."

அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் படத்தைத் திறந்தேன். நிழல் வளர்ந்திருந்தது. கறைக்குள் அடங்கவில்லை. கீழ்ப்பக்கம் ஒரு விரல் அளவு வெளியே வந்திருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினால் டாக்டர் பார்த்துவிடுவார். இதைப் பார்த்தால் வைகாசிப் படத்தையும் கேட்பார்.

அதனால் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினேன். பிறகு மௌஸால் இழுத்து, இடது பக்கம் மேலே நகர்த்தினேன். நிழல் கறைக்கு அடியில் போனது. போட்டோ எடுத்தேன். அனுப்பினேன். அவ்வளவுதான் செய்தேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நெஞ்சில் குறை ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. சிவசக்தி அதை வாங்கி இரண்டு முறை படித்தாள். அவள் முகத்தில் எவ்வளவு நிம்மதி தெரிந்தது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதைக் கொடுத்தவன் நான் என்பதை யாரும் இப்போது பேசுவதில்லை.

தை மாதம் ரத்தமாகக் கக்கியதும் அவரைச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எடுத்த படத்தில் இரண்டு நுரையீரலும் போயிருந்ததாம். காப்பாற்ற முடியவில்லை. சாவுக்குப் போனேன். முதல் வரிசையில் நின்றேன். சிவசக்தியும் இருமிக்கொண்டிருந்தாள். அழுததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் வந்து கம்ப்யூட்டரை எடுத்துப் போனீர்கள். உங்கள் மானிட்டரில் போட்டுப் பார்த்திருப்பீர்கள். கறை இருந்திருக்காது. சேலத்து டாக்டரின் போனில் இருந்த போட்டோக்களையும் வாங்கிவிட்டீர்கள். எல்லாப் படமும் நடுவில் இருக்க, ஒரு படம் மட்டும் ஏன் மூலையில் ஒதுங்கியிருக்கிறது என்று கேட்டீர்கள். சொல்லிவிட்டேன். மறைக்க எதுவும் இல்லை.

ஆனால் ஒன்றை நீங்களும் எழுதிக்கொள்ள வேண்டும். நான் கொலைகாரன் அல்ல. நல்ல மானிட்டர் வாங்க வசதி இல்லாதவன். ஓர் இடியும் ஒரு பட்ஜெட்டும் சேர்ந்து என்னை இங்கே உட்கார வைத்திருக்கின்றன. அந்தக் கறையை நம்பித்தான் நானும் இருந்தேன். அந்தத் திரை எனக்கு எதைக் காட்டியதோ அதைத்தான் நான் உண்மை என்று எடுத்துக்கொண்டேன்.

நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்த விசாரணை அதிகாரி அம்மா பேனாவை மூடப் போய், நிறுத்தினார்.

"கார்த்திகையில உங்க ஊட்டுக்காரம்மாவுக்கும் விடாம இருமலா இருந்துச்சுன்னு சொல்றாங்களே. அவங்களுக்கும் உங்க சென்டர்லதான் படம் எடுத்தீங்களா?"

"கலாவுக்குங்களா? இல்லீங்க மேடம், சேலத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன், அங்கெல்லாம் மானிட்டர் நொம்ப நல்லா இருக்குமுங்க."