கல்முழுங்கிக்குச் சாட்சி

ஃபிட்டர்: ...அட, கல்முழுங்கி இருக்கு மாப்ள. நான் சொல்றேன்ல, இருக்கு.

டிரில்லர்: யாரு மச்சான் பேசுறது? பன்னெண்டு வருஷமா என்னைப் பார்த்துச் சிரிச்ச வாயா இது?

ஃபிட்டர்: அப்பப் புரியல. இப்பப் புரியுது.

டிரில்லர்: சுரங்க வாசல்ல கடைசி வாய்ச் சாப்பாட்டை வச்சுட்டு நான் உள்ள போவேன். நீ பின்னாடியே வந்து, "கல்முழுங்கிக்கா? எலி தின்னுட்டு ஏப்பம் விடும்"னு சொல்லுவ.

ஃபிட்டர்: எலியும் தின்னிருக்கும். அதுக்காக அது இல்லன்னு ஆயிடுமா?

டிரில்லர்: சரி, எப்படி இருக்கும் அது?

ஃபிட்டர்: கண்ணு கிடையாது. பாறைக்குள்ளயே கிடக்கறதுக்குக் கண்ணு எதுக்கு? கை ரெண்டும் மண்வெட்டி மாதிரி. நகம் இரும்பு. அதால தட்டித் தட்டிப் பார்த்துத்தான் நகருமாம், எங்க கெட்டி, எங்க ஓட்டைன்னு.

டிரில்லர்: வால்?

ஃபிட்டர்: வால்... இருக்கும். குட்டையா.

டிரில்லர்: பெயிண்டர் உடம்பெல்லாம் முடின்னான். கொத்தனார் ஆமை ஓடுன்னார். வாலைக் குட்டையாக்கின முதல் ஆளு நீதான்.

ஃபிட்டர்: கிண்டலை விடு. இப்ப விசாரணைக்கு உள்ள கூப்பிடுவாங்க. என்ன சொல்லப் போற?

டிரில்லர்: அதான் யோசிக்கிறேன். எனக்கென்னமோ... அப்படி ஒரு மிருகமே இல்லையோன்னு தோணுது.

ஃபிட்டர்: ஐயையோ! இன்னைக்குன்னு பார்த்தா உனக்கு அறிவு வரணும்?

டிரில்லர்: ஏன், உனக்கென்ன நஷ்டம்?

ஃபிட்டர்: எனக்கென்ன... ஒண்ணுமில்ல. உன்னைத்தான் கிறுக்கன்னு சொல்லுவாங்க.

டிரில்லர்: இருக்குன்னு சொன்னாத்தானே கிறுக்கன்னு சொல்லணும்? ஆமா, சுரங்கத்துல கல்லு சரிஞ்சு நான் மாட்டின அன்னைக்கு நீ எங்க இருந்த? ஆஸ்பத்திரிக்கு ஊரே வந்துச்சு. நீ மறுநாள்தான் வந்த.

ஃபிட்டர்: வயித்துவலி. என் வயித்துப்புண்ணு உனக்குத் தெரியாததா? சுருண்டு படுத்துட்டேன்.

டிரில்லர்: ஓ. உள்ளங்கை பூராக் கொப்புளமா இருந்துச்சே... வயித்துவலிக்கா?

ஃபிட்டர்: அது... கட்டிலை நகர்த்தினேன்.

டிரில்லர்: வயித்துவலியோட?

ஃபிட்டர்: வலியில மனுஷன் எதையும் நகர்த்துவான். விடு.

டிரில்லர்: சரி. அந்தச் சுத்தியலை பெஞ்சுல குத்தாத. டொக்கு டொக்குன்னு... ஆபீஸ் மச்சான் இது.

ஃபிட்டர்: தலை ஆடுது. மூணு அடி அடிச்சாக் கழண்டு வருது. காம்பை எதுலயாவது ஒரு குத்து குத்தினாத்தான் நிக்கும். கைப்பழக்கம் ஆயிடுச்சு.

டிரில்லர்: புதுக் காம்பு போடேன்.

ஃபிட்டர்: போடணும் போடணும்னு... நேரம் எங்க? நீ பேச்சை மாத்தாத. அந்த போர்டுல ஒட்டியிருக்கறதைப் படிச்சியா?

டிரில்லர்: நான் இப்பத்தானே எழுத்துக் கூட்டப் பழகுறேன். நீயே படி.

ஃபிட்டர்: அன்னைக்கு அபாயச் சங்கு ஊதிச் சுரங்கக் கேட்டைப் பூட்டின பிறகு உள்ள போன ஆளு யாரா இருந்தாலும் வேலை போயிடும். மன்னிப்பே கிடையாதாம்.

டிரில்லர்: யாராவது போனாங்களா என்ன?

ஃபிட்டர்: யாரு போவா? கூரை மறுபடி எப்ப விழும்னு தெரியாம... பைத்தியமா?

டிரில்லர்: பைத்தியம்தான் போவான்.

ஃபிட்டர்: ...ம்.

டிரில்லர்: உன்னை மாதிரி மூணு பிள்ளைக்காரன் போக மாட்டான்.

ஃபிட்டர்: மாட்டான், மாட்டான். அதான் சொல்றேன், கல்முழுங்கின்னே சொல்லிடு. மிருகத்தை யாரும் வேலையை விட்டு எடுக்க முடியாது.

அதிகாரி: அடுத்தது யாரு, டிரில்லரா? நீங்க மட்டும் உள்ள வாங்க. கதவைச் சாத்திட்டு உட்காருங்க. கால் எப்படி இருக்கு?

டிரில்லர்: கட்டுப் பிரிச்சாச்சு சார். நடக்குது.

அதிகாரி: பதினெட்டு மணி நேரம் உள்ள கிடந்திருக்கீங்க. என்ன நடந்துச்சு, சொல்லுங்க.

டிரில்லர்: விளக்கு அப்பவே போயிடுச்சு சார். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே கறுப்பு. எந்தப் பக்கம் வாசல், எந்தப் பக்கம் பாறைன்னு தெரியல. தப்பான பக்கம் தோண்டியிருந்தா அங்கயே முடிஞ்சிருப்பேன். அப்பத்தான் காத்துக் குழாய்ல தட்டுற சத்தம். சத்தம் வந்த பக்கமாக் கல்லைப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டுட்டு ஊர்ந்தேன். உங்க ஆளுங்க கேட்டைத் திறந்தப்போ என் குரல் கேட்கற தூரத்துக்கு வந்துட்டேன்.

அதிகாரி: கேட்டுக்கு வெளிய இருந்த குழாயை அதுக்கு முன்னாடியே கழட்டிட்டோம். வெளிய இருந்து தட்டினா உங்களுக்குக் கேட்காது. யாரோ பூட்டைத் தாண்டி உள்ள வந்துதான் தட்டியிருக்கணும். யாரு?

டிரில்லர்: கல்முழுங்கி சார்.

அதிகாரி: ...விளையாடுறீங்களா?

டிரில்லர்: இல்ல சார். எழுதிக்குங்க.

அதிகாரி: சாட்சி இல்லாத மிருகத்தை நான் எப்படிய்யா எழுதுறது?

டிரில்லர்: சாட்சி நான் இருக்கேனே சார், உயிரோட.

அதிகாரி: நிஜமாவே நம்புறீங்களா நீங்க?

டிரில்லர்: வெளிச்சத்துல வச்சுக் கேட்டா நானும் சிரிப்பேன் சார். உள்ள அப்படியில்ல. கல்லுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கு, அதுக்கு என் மேல அக்கறை இருக்குன்னு நினைச்சாத்தான் கை அடுத்த கல்லைத் தூக்கும். அது ஓய்ஞ்சிருந்தா நானும் ஓய்ஞ்சிருப்பேன். அது ஓயல சார். ஒரு நிமிஷம் ஓயல.

அதிகாரி: எப்படித் தட்டுச்சு?

டிரில்லர்: மூணு. கொஞ்சம் விட்டு, மறுபடி மூணு.

அதிகாரி: நடுவுல வேற ஏதாவது சத்தம்? இருமல், காலடி... இன்னார்னு அடையாளம் தெரியற மாதிரி ஏதாவது? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

டிரில்லர்: ...இல்ல சார். மூணு தட்டு. அவ்வளவுதான்.

அதிகாரி: அப்ப, "தட்டியது யாரென்று தெரியவில்லை". இப்படித்தான் எழுத முடியும். கைநாட்டா?

டிரில்லர்: கையெழுத்து சார். மெதுவாத்தான் வரும், பொறுத்துக்குங்க.

ஃபிட்டர்: வந்துட்டியா? என்ன ஆச்சு? என்ன கேட்டாரு?

டிரில்லர்: வாலைப் பத்திக் கேட்கல.

ஃபிட்டர்: மாப்ள!

டிரில்லர்: ஃபைலை மூடிட்டாரு மச்சான். தட்டினது யாருன்னு தெரியலயாம். வா, படிக்கட்டுல உட்காருவோம். உன் தங்கச்சி கல்முழுங்கிக்குன்னு ஒரு டப்பா குடுத்தனுப்பினா. பையில இருக்கு.

ஃபிட்டர்: சுரங்க வாசல்ல வச்சுட்டு வர வேண்டியதுதானே?

டிரில்லர்: வைக்கத்தான் போனேன். எலி தின்னு ஏப்பம் விடுமேன்னு தூக்கிட்டு வந்துட்டேன். நீ சாப்பிடு.

ஃபிட்டர்: நானா? ...என்ன இது, காரமே இல்ல?

டிரில்லர்: பார்த்துப் பார்த்துச் செஞ்சா. கல்முழுங்கிக்கு வயித்துப்புண்ணாம். காரம் ஆகாதாம்.

ஃபிட்டர்: ...கல்லையே முழுங்குறதுக்கு வயித்துப்புண்ணா?

டிரில்லர்: சின்ன வயசுல இருந்தே இருக்காம். கூடவே வளர்ந்தவ, அவளுக்குத் தெரியாதா? சாப்பிடு மச்சான். காரமில்லாத சாப்பாட்டுக்கே கண்ணு கலங்குது பாரு உனக்கு.

ஃபிட்டர்: தூசி... இந்தா, சுத்தியலைக் கொஞ்சம் பிடி. நாளைக்கு முதல் வேலையா இதுக்குப் புதுக் காம்பு போட்டுடறேன்.

டிரில்லர்: போடாத மச்சான். மூணு தட்டு, அப்புறம் குழாய் மேலயே ஒரு டொக்கு... அந்த டொக்கை மட்டும் நான் அவர்கிட்ட சொல்லல. காம்பை மாத்திட்டா, இன்னொரு இருட்டுல வர்றது நீதான்னு எனக்கு எப்படித் தெரியும்?