அரியாத்னாவின் இருபத்து நான்கு பக்கங்கள்

ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு வாக்கியத்தில் ஆறு சொல் போதும். ஏழாவது சொல்லில் அதன் கண் சன்னல் பக்கம் போய்விடும். லெனின்கிராதில் இருபத்திரண்டு ஆண்டுகளாக, எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்குப் புத்தகம் தயாரிக்கிறேன், தோழர் புலனாய்வாளர். இந்த ஒரு விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும்.

பெரிய மனிதர்களின் வாழ்க்கைக் கதைகள் என் பொறுப்பு. விமானி, மாலுமி, சுரங்கத் தொழிலாளி என்று பதினோரு பேரை எழுதியிருந்தேன். பதினோரு பேரும் காலமானவர்கள். அவர்களால் எனக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. அடுத்து ஒரு பாலே நடனக்காரி வேண்டும் என்றார்கள். அரியாத்னா விக்தரவ்னாவைத் தேர்ந்தெடுத்தேன். எழுபத்தொரு வயது, இதய நோயாளி. உயிரோடு இருப்பவரைப் பற்றிய புத்தகம் என்றால், அச்சுக்குப் போகுமுன் அவர் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவர் எந்த நடனக்காரியோடும் தேநீர் குடித்திருக்க மாட்டார்.

ஐந்து குடும்பங்கள் வாழும் பொதுக் குடியிருப்பில் அவருக்கு ஓர் அறை. சிகரெட்டை உதட்டில் வைத்துக்கொண்டே என் கைப்பிரதியை உரக்கப் படித்தார்.

"'சின்ன அரியாத்னாவுக்கு ஆட்டம் என்றால் உயிர்.' இதை யாரு சொன்னா உனக்கு? நடனப் பள்ளியில தினமும் சூப்பு ஊத்துவாங்கன்னு எங்கம்மா என்னை அங்க தள்ளிவிட்டா. சூப்புன்னு போடு, லிதியா."

"குழந்தைகளுக்குப் பசியைப் பத்தி எதுக்குங்க?"

"ஏன், அதுங்களுக்குப் பசிச்சதே இல்லையா?"

ஆசிரியை அன்பாகத் தட்டிக்கொடுத்தார் என்று எழுதியிருந்தேன்.

"தட்டத்தான் செஞ்சா. கம்பால தட்டினா" என்று காலுறையை இறக்கிக் காட்டினார். தழும்பு இருந்தது. ஆனால் ஓவியர் அந்தக் காலை ஏற்கெனவே இளஞ்சிவப்பில் வரைந்து முடித்திருந்தார்.

சிக்கல் கடைசிப் பக்கத்தில் வந்தது. "அரியாத்னா மகிழ்ச்சியாக மேடையை விட்டு விலகினாள். இப்போது அவள் பூச்செடி வளர்க்கிறாள்." இதில் யாருக்கு என்ன குறை?

"பூச்செடியா? இந்த அறையில எனக்கே வெயில் கிடைக்கல" என்று சிரித்தார். பிறகு பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதினார்: "க்ளேபைக் கூட்டிப் போனார்கள். அவர் திரும்பவில்லை. அரியாத்னாவை ஆட விடவில்லை." க்ளேப் அவர் கணவர். முப்பத்தெட்டாம் ஆண்டு ரகசியப் போலீஸ் அவரைக் கைது செய்த மறுநாளே நடன அரங்கின் பட்டியலில் இவர் பெயரை அடித்துவிட்டார்களாம்.

"எண்ணிப் பாரு. ஆறுக்கு மேல ஒண்ணுமில்ல. உன் குழந்தைங்களுக்குப் புரியும்."

எண்ணினேன். ஆறுக்கு மேல் இல்லை. அதுதான் என்னை மிகவும் புண்படுத்தியது.

மூன்று லட்சம் பிரதிகளுக்குக் காகிதம் ஒதுக்கியாகிவிட்டது. மகளிர் தினத்துக்குள் புத்தகம் வெளிவர வேண்டும். நான்கு முறை போனேன். நான்கு முறையும் தேநீர் தந்தார், கையெழுத்து தரவில்லை.

ஐந்தாவது முறை, செவ்வாய்க்கிழமை மதியம், தேன் கேக் வாங்கிக்கொண்டு போனேன். இரண்டு வாய் சாப்பிட்டவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"லிதியா... மாத்திரை... அந்த அலமாரி மேல..."

நான்கு எட்டில் போய்க் குப்பியை எடுத்தேன். "கையெழுத்துப் போடுங்க, தர்றேன்" என்றேன். பக்கத்து அறை ரிம்மா இதைக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறாள். உண்மைதான். ஆனால் நான் மரியாதையாகத்தான் கேட்டேன், அதையும் அவள் சொல்லியிருக்கலாம்.

அவர் பேனாவை வாங்கினார். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அவர் கையெழுத்துப் போடவில்லை. "மகிழ்ச்சியாக" என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தார். அந்த நிலையிலும் கோடு நேராக இருந்தது.

எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. அந்தப் பதினோரு பேர்தான் நினைவுக்கு வந்தார்கள். குப்பியைக் கைப்பைக்குள் வைத்து மூடினேன். வயதானவரைச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது முறையல்ல என்று தோன்றியது. அதனால் முதல் பக்கத்திலிருந்து படித்துக் காட்டினேன். குழந்தைகளுக்குப் படிப்பதுபோல, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு படத்தையும் அவர் பக்கம் திருப்பி. பத்து நிமிடத்துக்குள் மாத்திரை கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்கிறார் மருத்துவர். அந்தப் புத்தகத்தைச் சரியாகப் படிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அவசரமாகப் படித்தால் குழந்தைகளுக்கு எதுவும் மனதில் நிற்காது.

காலமானவர்களின் கையெழுத்து தேவையில்லை என்பதும் விதிதான். ஆகவே போலிக் கையெழுத்து என்ற குற்றச்சாட்டைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். அப்படி எதையும் நான் செய்யவில்லை. அவரைச் சாகவிட்டேன், அது மட்டும்தான்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அன்று கடைசிப் பக்கம் வரை அவர் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. புத்தகம் அவருக்குப் பிடித்துவிட்டது என்றே நினைக்கிறேன்.