படிக்காமல் விட்ட பட்டியல்

தொழிற்சாலையின் லினக்ஸ் கணினியைப் புதுப்பித்தபோது, எந்தெந்த மென்பொருள்கள் நீக்கப்படும் என்று திரையில் வந்த பட்டியலைப் படிக்காமல் ‘ஆம்’ என்று தட்டியது நான். பழியை ஒப்பந்தப் பணியாளர் செல்வத்தின்மேல் போட்டேன்.

சென்ற மாதம் ஒரகடம் பேருந்தில், முன்னிருக்கையில் நண்பரிடம் பேசிக்கொண்டிருந்த அவர் குரல் கேட்டு அதிர்ந்தேன்.

“கம்ப்யூட்டர்ல பழைய லைப்ரரி ஃபைல் ஒண்ணு போச்சுபா. அத நம்பிகினு இருந்த லேபிள் பிரிண்டர் சாஃப்ட்வேரும் கூடவே போச்சு. லைனே நின்னுடுச்சு.”

“அதுக்கு உன்ன இன்னாத்துக்கு தூக்குனாங்க?”

“‘யெஸ்’ தட்டுனது நான்தான்னு சார் சொல்லிட்டாரு. நான் கேன்டீன்ல சாம்பார் ஊத்திகினு இருந்தேன்.”

“சாம்பார சாட்சிக்குக் கூப்டிருக்கலாம்ல?”

“சிரிக்காத. என் பொண்ணே இன்னும் நம்பல.”

அவர் இறங்கும்வரை நான் தலைநிமிரவில்லை. மறுநாள் நிர்வாகத்துக்கு உண்மையை எழுதி, அவருக்கும் நகல் அனுப்பினேன். நிர்வாகம் பதில் போடவில்லை. செல்வம் தொலைபேசியில் அழைத்தார்.

“பொண்ணுகிட்ட படிச்சுக் காட்டிட்டேன் சார். இனிமே எனக்கு எழுதாதீங்க.”