முப்பது நாள் இருந்து பார்த்த கதிரை

“நாள் முழுக்க ஒராள் ஏறி இருந்தா கதிரைக்கு நோகாதா மாமா?” என்று ஷாஹினா ஒருமுறை என்னிடம் கேட்டாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. நான் நிலத்தில் குந்தியிருந்து ஒரு திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தேன். அதுக்கு உயிர் இல்லையே மகள், நோகாது என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கதிரையின் கைப்பிடியை ஒருமுறை தடவிவிட்டு விளையாடப் போய்விட்டாள். பிள்ளைகளின் இரக்கத்தைக் கண்டால் எனக்கு மனம் குளிர்ந்துவிடும். உலகம் நிற்பது இப்படியான சின்னச் சின்ன நன்மைகளில்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

என் பெயர் அஸ்ஹர். மருதமுனையில் கணினி திருத்தும் சிறிய கடை வைத்திருக்கிறேன். ‘பாவித்துப் பார்த்தேன்’ என்ற பெயரில் இணையத்தில் வீடியோக்களும் போடுகிறேன். கையில் காசு குறைந்தவர்கள் சாமான் வாங்கி ஏமாறக் கூடாது என்பதற்காகத் தொடங்கியது. முப்பது நாள் பாவிக்காத எதைப் பற்றியும் வாய் திறக்க மாட்டேன். பிஸ்மி சொல்லித் தொடங்கினால் பொய் சொல்ல மாட்டேன். ஆறு வருடத்தில் ஒரு பொய்கூட இல்லை. இந்தக் கதிரையைப் பற்றிய வீடியோவிலும் இல்லை. விரும்பினால் போய்ப் பாருங்கள்.

கல்முனையில் தளபாடக் கடை வைத்திருக்கும் கச்சிமுகம்மது ஹாஜியார் கொழும்பிலிருந்து நாற்பது கேமிங் கதிரைகள் எடுத்திருந்தார். பந்தயக் காருக்குள் இருக்கும் இருக்கை மாதிரி, கறுப்பும் சிவப்புமாக, உயர்ந்த முதுகோடு வடிவான கதிரை. மற்ற இடங்களில் விற்கும் விலையில் பாதிதான். மலிவு என்பதாலேயே சனம் பயந்தது. நீங்க இருந்து பாத்துச் சொன்னா ஆக்கள் நம்புவாங்க, பெருநாளைக்குள்ள வித்துப் போகும் என்று ஹாஜியார் ஒன்றைப் பெட்டியோடு அனுப்பிவைத்தார். என் உம்மா கடைசியாகக் கிடந்த நாட்களில் கேட்காமலேயே வாகனம் அனுப்பிய மனிதர் அவர். மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

பெட்டியைப் பிரித்துப் பூட்டினேன். சில்லுகள் சத்தமில்லாமல் ஓடின. உயரத்தை ஏற்றி இறக்கும் தண்டில் குறையில்லை. ரெக்சின் தையல் நேராக இருந்தது. கைப்பிடிகள் இரண்டும் கொஞ்சம் ஆடின. இருக்கையில்தான் சிக்கல். முதல் ஒரு மணித்தியாலம் மெத்தென்று இருந்தது. ஒன்றரை மணித்தியாலத்தில் தொடை மரத்தது. இரண்டாவது மணித்தியாலத்தில் ஸ்பொன்ஜ் அமுங்கி, அடியில் இருந்த பலகை என் எலும்பில் முட்டியது. அந்த நோவு போக அரை நாள் எடுத்தது. சீ.ஆர். கொப்பியில் திகதி போட்டு எழுதிக்கொண்டேன். பிறகு யோசித்தேன். நான் ஒல்லியான ஆள், இடுப்பில் நாரி நோவுக்காரன். என் உடம்பை வைத்து ஒரு கதிரைக்குத் தீர்ப்புச் சொல்வது நீதியாகாது. நாளுக்குப் பத்து மணித்தியாலம் இருந்தே வேலை செய்யும் ஒருவர்தான் இதற்குச் சரி.

பக்கத்து வீட்டு ஹிஷாம் அப்படியான ஆள். ஷாஹினாவின் வாப்பா. இருபத்தொன்பது வயது. கட்டாரிலும் சவூதியிலும் இருப்பவர்களின் கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டி, அழகாக்கி அனுப்புவான். காலையில் கணினிக்கு முன்னால் வந்தால் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகும் அங்கேதான். எழும்புவதே இல்லை.

எழும்ப முடியாது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாடிவீட்டுக் கூரையில் வேலை செய்யும்போது விழுந்து முள்ளந்தண்டு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. இதை வீடியோவில் நான் சொல்லவில்லை. ஒருவருடைய குறையை ஊருக்குச் சொல்வது நல்ல பழக்கம் அல்ல.

நோன்புக்குப் பதினைந்து நாள் முன்னால் வரும் பராத் கழிந்த மறுநாள் கதிரையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹிஷாமின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதுவரை அவன் இருந்தது ஆஸ்பத்திரியில் கொடுத்த சக்கர நாற்காலியில். அதில் காற்றுக் குமிழ்கள் வைத்த ஒரு கறுப்பு மெத்தை. வெளிநாட்டு ஆட்களோடு வீடியோவில் கதைக்கும்போது அந்த நாற்காலியின் பிடிகள் தோளுக்குப் பின்னால் தெரியும். பிறகு அவர்களுடைய குரல் மாறும். அது அவனுக்குப் பெரிய கவலை.

“இனி என்னய நோயாளி எண்டு ஆரும் பாக்க மாட்டான் நானா. பந்தயக்காரன் எண்டுதான் நெனைப்பான்,” என்றான்.

“பந்தயக்காரரே, முதல்ல இந்தப் பிளேன்ரீயக் குடிங்க. பிறகு காரோட்டலாம்,” என்றாள் அவன் மனைவி நுஸ்ஹா.

அவர்கள் சிரித்து நான் கண்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

நுஸ்ஹா அந்தக் காற்று மெத்தையைக் கதிரையில் வைக்கப் பார்த்தாள். இருக்கையின் இரண்டு பக்கமும் மேடாக இருந்ததால் அது சரியாகப் படியவில்லை. நான்தான் எடுக்கச் சொன்னேன். ஒரு மெத்தைக்கு மேல் இன்னொரு மெத்தையை வைத்தால் நான் எதை மதிப்பிடுவது? இதன் ஸ்பொன்ஜ் புதுவிதமானது, இதுவே போதும் என்றேன். பெட்டியில் அப்படித்தான் எழுதியிருந்தது.

ஹிஷாமுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரண்டு கைகளையும் ஊன்றி உடம்பைக் கொஞ்சம் மேலே தூக்குவான். இரத்தம் ஓடுவதற்காக ஆஸ்பத்திரியில் பழக்கியது. மூன்றாம் நாள் அப்படித் தூக்கும்போது இடது கைப்பிடி கிறீச்சிட்டுச் சாய்ந்தது. ‘கைப்பிடி கை வைக்க மட்டும், பாரம் தாங்காது’ என்று கொப்பியில் எழுதினேன். அவனிடமும் சொன்னேன். இது என்னை நம்பித் தந்த அமானிதம், உடைந்தால் ஹாஜியாருக்கு என்ன பதில் சொல்வது? ஹிஷாம் சொல் கேட்கிற பிள்ளை. அதற்குப் பிறகு ஊன்றவில்லை.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நுஸ்ஹா அவனைத் தூக்கிக் கட்டிலில் சரித்துவிடுவாள். இதனால் என் கணக்கில் பத்து மணித்தியாலம் தொடர்ந்து வரவே இல்லை. அவளுடைய பாட்டையும் பார்த்தேன். சின்ன உடம்பு, அவ்வளவு பாரம். இது நோயாளி இருக்கிற கதிரை இல்லை தங்கச்சி, நீங்கள் கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்றேன். அவள் என்னை நம்பினாள். இரண்டு வருடமாக அந்த வீட்டுக்கு நான் நன்மையைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை.

ஒன்பதாம் நாள் அவள் வேலியோரம் வந்து, அவருக்குப் பின்பக்கம் சிவந்து கிடக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். இந்த வெக்கைக்கு ரெக்சின் அப்படித்தான், பவுடர் போடுங்கள் என்றேன்.

“நோகுதா எண்டு அவருக்கிட்டக் கேட்டீங்களா?”

“இல்லையாம் நானா.”

“பிறகென்ன.”

பன்னிரண்டாம் நாள் தர்சிகா வந்தாள். பெரியநீலாவணைப் பிள்ளை; மாதத்துக்கு ஒருமுறை ஸ்கூட்டரில் வந்து ஹிஷாமைப் பார்த்துவிட்டுப் போகும் தாதி. ஹிஷாம் கட்டார்க்காரர் ஒருவரோடு கதைத்துக்கொண்டிருந்தான். நான் வாசலில் நின்றேன். ஆள் சுகமாக இருக்கிறார், ஒரு நோவும் இல்லை என்கிறார் என்று சொன்னேன்.

“அவரைக் கேட்டு வேலையில்ல அண்ணன். அவருக்குத் தெரியவராது. கண்ணால பாத்தாத்தான் தெரியும்,” என்றாள். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தாள். “கதிரை வடிவாத்தான் இருக்கு. காத்து மெத்தை எங்க?”

உள்ளே இருக்கிறது என்றேன். உள்ளேதான் இருந்தது, அலுமாரிக்குள். நோன்பு வருகிறது, பெருநாள் கழிய ஆறுதலாக வாருங்கள் என்றும் சொன்னேன். அந்த வெயிலில் அவளுக்கு இன்னும் எத்தனையோ வீடு போகக் கிடந்தது. தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

பதினெட்டாம் நாள், அது மூன்றாம் நோன்பு. லுஹர் தொழுகைக்குப் பிறகு ஹிஷாமைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். ஸ்பொன்ஜ் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று அளக்கப் போனேன். இருக்கையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். விரலில் எடுத்து முகர்ந்தேன். அந்த வாடை எனக்குத் தெரியும். உம்மாவுக்குக் கிடந்து கிடந்து முதுகில் புண் வந்தபோது அறை முழுக்க நின்ற வாடை அது. பழந்துணியால் துடைத்தேன். கொஞ்சம் பன்னீர் தெளித்தேன். கொப்பியில் எழுதினேன்: ‘ரெக்சின் ஈரத்தை உறிஞ்சாது. ஒரு துடைப்பில் சுத்தமாகும்.’ வீடியோவில் இந்தக் கதிரையின் நல்ல அம்சங்களில் மூன்றாவதாக இதைத்தான் சொன்னேன்.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லியிருந்தால் பதினெட்டு நாளோடு நின்றிருக்கும். பதினெட்டு நாள் பாவித்துவிட்டு முப்பது நாள் என்று என்னால் சொல்ல முடியாது. பெருநாள் வியாபாரம் போய், ஹாஜியாரின் நாற்பது கதிரையும் தேங்கியிருக்கும். ஹிஷாம் மறுபடியும் அந்தச் சக்கர நாற்காலிக்குப் போயிருப்பான். நுஸ்ஹா பயந்து அழுதிருப்பாள். ஒரு வார்த்தையால் நான்கு பேருடைய மனம் நோகும். பன்னிரண்டு நாள் பொறுத்தால் யாருக்கும் நோகாது. நான் அப்படித்தான் கூட்டிக் கழித்தேன்.

இருபத்தேழாம் நாள் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. நோன்பை விடவேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோமா நானா என்று நுஸ்ஹா கேட்டாள். ஊரெல்லாம் காய்ச்சல்தானே, குளிசை கொடுங்கள், இன்னும் மூன்று நாள்தான் என்றேன். எதற்கு மூன்று நாள் என்று அவள் கேட்கவில்லை. ஹிஷாமுக்குத் தெரியும். என் வேலையைக் கெடுக்கக் கூடாது என்று, நடுங்கிக்கொண்டே அவனாகவே கதிரையில் இருத்தச் சொன்னானாம். முப்பதாம் நாள் அஸருக்குப் பிறகு கமராவைக் கொண்டுபோனேன். நெஞ்சுக்கு மேலே மட்டும் எடுத்தேன். முகம் வெளிறியிருந்தது, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

“ஒரு நோவும் தெரியல்ல நானா,” என்று சொல்லிச் சிரித்தான்.

அதை அப்படியே போட்டேன். ஒரு சொல் வெட்டவில்லை.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புண் எலும்பு வரை போய்விட்டது, இரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார்கள். இருபத்திரண்டாம் நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஹிஷாம் மௌத்தானான்.

மறுநாள் காலை பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகைக்கு முன் அவனுடைய வாப்பா எழும்பி நின்று, வழமையாகக் கேட்பதைக் கேட்டார். இவர் ஆருக்கும் ஏதும் கொடுக்கக் கிடந்தால் எங்களிடம் சொல்லுங்கள், ஆருக்கும் மனம் நோகச் செய்திருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னியுங்கள் என்றார். முதல் வரிசையில் நின்ற நான் எல்லாரோடும் சேர்ந்து தலையசைத்தேன். மௌத்தானவர் பிறருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்பதுதான் நம் வழக்கம். மௌத்தானவருக்கு ஆர் என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்பதில்லை. கேட்டிருந்தாலும் அது சொல்லக்கூடிய இடம் அல்ல.

வீடியோ பெருநாளைக்கு நான்கு நாள் முன்னால் போனது. நாளுக்குப் பத்து மணித்தியாலமாக முப்பது நாள், இருந்தவர் ஒருநாள்கூட நோகிறது என்று சொல்லவில்லை என்று சொன்னேன். முப்பத்தொன்பது கதிரையும் பெருநாளைக்குள் விற்றுப்போயின. நாற்பதாவதைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன், அதுவும் விற்றது. ஹாஜியார் கொடுக்க வந்ததை நான் வாங்கவில்லை. ஒரு கோப்பைத் தேநீர்கூடக் குடிக்கவில்லை.

ஊர் நுஸ்ஹாவைக் குறை கதைத்தது. மையித்து வீட்டிலேயே ஹிஷாமின் உம்மா, “என்ட புள்ளைய அழுக வெச்சிட்டாள்,” என்று பெண்களுக்கு நடுவில் சொன்னாளாம். தான்தான் பார்க்காமல் விட்டுவிட்டதாக நுஸ்ஹாவும் நம்பிவிட்டாள். கணவன் மௌத்தாகி இத்தா இருக்கும் பெண்ணிடம் அந்நிய ஆண் போய்க் கதைப்பது முறையல்ல என்பதால் அந்த நான்கு மாதமும் பத்து நாளும் நான் போகவில்லை. இத்தா போன மாதம் முடிந்தது. முடிந்ததும் நுஸ்ஹா ஷாஹினாவின் கையில் ஒரு தட்டு வட்டிலப்பம் அனுப்பி, அந்தக் கதிரையில் இருந்த நாட்களில்தான் அவர் மனம் நிறைந்து இருந்தார் நானா, அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தருவான் என்று சொல்லிவிட்டாள். ஆறிவரும் மனதை மறுபடி கிளறுவது நன்மையாகாது. வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கொடுத்தனுப்பினேன்.

தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். பதினெட்டாம் நாளில் எனக்குத் தெரியும். அதற்கு முன்னும் தெரியும். என்னால் இரண்டு மணித்தியாலம் பொறுக்க முடியாத பலகையில், நோவு தெரியாத ஒருவனைத் தேடி இருத்தினேன். நோகிறது என்று சொல்லமாட்டான் என்பதால்தான் அவனைத் தெரிந்தெடுத்தேன். ஹிஷாமைக் கொன்றது நான்.

காய்ச்சல் வந்த நாளிலிருந்து மௌத்தான நாள் வரை ஹிஷாமுக்குப் பதினொரு நோன்பு தவறியிருந்தது. பெயர் சொல்லாமல் மௌலவியிடம் விசாரித்தேன். சுகமாகாமலே மௌத்தானவருக்கு அந்த நோன்புகள் கடமையில்லை, அவருக்காக யாரும் பிடிக்கவும் தேவையில்லை என்றார். ஆனாலும் பிடித்தேன். திங்களும் வியாழனும் பார்த்து, ஒவ்வொன்றாக. என் மனைவிக்குக்கூடத் தெரியாது. பகல் சாப்பாட்டைக் கடையில் சாப்பிடுவதாகச் சொல்லிவைத்தேன். பதினோராவதை நேற்று, கடைக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு பேரீச்சம்பழத்தோடும் தண்ணீரோடும் தனியாகத் திறந்தேன். அல்ஹம்துலில்லாஹ். ஹிஷாமுக்கு நான் கொடுக்கக் கிடந்தது இனி ஒன்றுமில்லை.