செங்கோடன் தெப்பத்துல வச்ச கூடை

ரொம்ப முன்ன, இந்தக் காட்டுல ரப்பர் மரம் நட்ட கைங்க இன்னும் உசுரோட இருந்த காலத்துல, இந்த ஆத்துக்கு ரெண்டு கரையிலயும் ரெண்டு ஊரு இருந்துச்சாம். வடகரை சயாம்காரன் நாடு. தென்கரை வெள்ளைக்காரன் ஆண்ட மலாயா. நடுவுல ஆறு. ஆத்துல ஒரு தெப்பம். தெப்பத்துல ஒரு ஆளு. அவன் பேருதான் செங்கோடன்.

நம்ம கொள்ளுத்தாத்தன்தான், வேற யாரு? திருச்செங்கோட்டுப் பக்கத்துலருந்து கப்பல் ஏறி தென்கரைத் தோட்டத்துக்குப் பால்மரம் வெட்ட, அதான் ரப்பர் பால் எடுக்க, வந்தவன். ஆளுங்கள வேல வாங்குற கங்காணிய ஒரு நாள் கைநீட்டி அடிச்சுட்டான். அடிச்சுட்டு அங்க இருக்க முடியுமா? பொண்டாட்டி பாவாயியக் கூட்டிக்கிட்டு ஆத்தத் தாண்டி சயாம் கரைக்கு ஓடிட்டான். அங்க மூங்கில வெட்டித் தெப்பம் கட்டினான். கரைக்குக் கரை பிரம்புக் கயிறு கட்டினான். கயித்தப் பிடிச்சு இழுத்தா தெப்பம் நகரும். போறவன் வர்றவன் குடுக்கிறத வாங்கிக்குவான். அப்படி ஒரு பொழப்பு.

அந்தத் தெப்பத்துல ஒரு சட்டம் இருந்துச்சாம். ஒரு தடவ சேவச்சண்டையில தோத்தவனும் ஜெயிச்சவனும் ஒண்ணா ஏறி, நடு ஆத்துல கத்திய உருவிட்டானுங்க. தெப்பமே கவுந்துடும் போல ஆயிருச்சு. மறுநாளே செங்கோடன் ஒரு பெரிய பிரம்புக் கூடைய முடைஞ்சு தெப்பத்துல வச்சான். "ஏறுறவன் யாரா இருந்தாலும் சரி, கத்தியோ அரிவாளோ துப்பாக்கியோ, கூடையில போட்டுட்டு உக்காரு. அக்கரை போனதும் நானே எடுத்துத் தர்றேன். நடுவுல நான் தொட மாட்டேன். அர்த்தநாரீஸ்வரர் மேல சத்தியம்"னு சொன்னானாம்.

எல்லாரும் கேட்டுக்கிட்டாங்க. தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை முனகிக்கிட்டே தன் வேட்டைத் துப்பாக்கியப் போட்டான். சயாம் போலீசும் போட்டான். அக்கரை வந்ததும் செங்கோடன் துணியால ஈரத்தத் தொடச்சு, கைப்பிடி அவங்க பக்கம் இருக்கிற மாதிரி மரியாதையா நீட்டுவான். அதுல அவனுக்கு அவ்வளவு பெருமை. "எனக்கு ரெண்டு கரையும் ஒண்ணு. நான் யார் பக்கமும் இல்ல"ம்பான். ஒரு நாளைக்கு எத்தன தடவ சொல்லுவான்னு கணக்கே கிடையாதாம். பாவாயிக்கே சலிச்சுப் போச்சாம்.

பாவாயிக்கு ஒரு தம்பி. ராக்கியண்ணன்னு பேரு. அவன் தென்கரையிலேயே தங்கிட்டான். சுங்கச் சாவடியில காவக்காரன். கையில ஒரு தடி, கழுத்துல ஒரு ஊதல், அவ்வளவுதான் அவன் ஆயுதம். தெப்பம் வந்து ஒட்டுறப்பல்லாம், "வாங்க மச்சான், இன்னிக்கு யார் பக்கம்?"னு கிண்டல் பண்ணுவானாம். இவனும் சிரிச்சுக்கிட்டே, "போடா மாப்ள"ம்பான்.

அந்த நாள்ல ஒரு ஜப்பான்காரப் பல்லு டாக்டர் அடிக்கடி தெப்பத்துல வருவானாம். நல்ல மனுசன் மாதிரிதான் இருந்தான். வடகரைத் தலைவர் சோம்சாய் சம்சாரத்துக்குக் காசு வாங்காமப் பல்லப் புடுங்கி விட்டான். தெப்பத்துல ஏறினா முதல் வேலையா பல்லு புடுங்குற குறட்டக் கூடையில போட்டுட்டு, "செங்கோடன், என் ஆயுதம் இதுதான்"னு சிரிப்பானாம். இவனும் சிரிப்பான். ஆறு எவ்வளவு ஆழம், மழையில எவ்வளவு ஏறும், கயிறு எவ்வளவு பாரம் தாங்கும்னு பேச்சோட பேச்சாக் கேப்பான். இவனும் சொல்லுவான். பல்லு டாக்டருக்கு எதுக்குடா ஆத்தோட ஆழம்னு இவனுக்குத் தோணல பாருங்க. நமக்குத் தோணியிருக்குமா? நமக்கும் தோணியிருக்காது.

உலகத்துல அப்ப சண்ட மூண்டு கிடந்துச்சு. சோம்சாய் பட்டணத்துக்குப் போயிட்டு வந்தா சேதி கொண்டாருவாரு. "செங்கோடன், மேற்க ஒருத்தன் நாடு நாடா முழுங்குறானாம். சின்னச் சின்ன நாடெல்லாம், எங்களுக்கு எந்தச் சண்டையும் வேண்டாம், நாங்க யார் பக்கமும் இல்லன்னு கையெடுத்துக் கும்பிட்டுச்சாம். அவன் விட்டானா? வழி மட்டும் குடுன்னு கேட்டானாம். அடுத்த நாட்டுக்காரன அடிக்கப் போறேன், உன் ஊரு வழியாப் போயிக்கிறேன், அவ்வளவுதான்னு சொன்னானாம்."

"வழி குடுத்தாங்களா?"

"குடுத்தவனும் போனான், குடுக்காதவனும் போனான்."

 செங்கோடன், "அது மேற்க. நமக்கென்ன தலைவரே. நம்ம சயாமும் யார் பக்கமும் இல்லன்னு சொல்லிருச்சே"ன்னானாம். சோம்சாய்க்கும் அதுதான் நம்பிக்கை.

கார்த்திகை மழை. ஆறு கரைய முட்டிக்கிட்டு ஓடுது. ஒரு நாள் காலையில வடக்கருந்து ஜப்பான்காரப் பட்டாளம் வந்துச்சு. சைக்கிள்ல வந்தானுங்க, நடந்து வந்தானுங்க, வந்துக்கிட்டே இருந்தானுங்க. கடலோரத்துல சயாம்காரங்க கொஞ்ச நேரம் எதுத்துச் சுட்டிருக்காங்க. அப்புறம் தலைநகரத்துலருந்து உத்தரவு வந்துருச்சு, நிறுத்துங்க, வழிய விடுங்கன்னு. அந்தச் சேதி சோம்சாய்க்கும் வந்துருச்சு. அவரு வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு.

பட்டாளத்துக்கு முன்னால யாரு வந்தாங்கிறீங்க? அந்தப் பல்லு டாக்டர்! இடுப்புல நீளமா வாளு. நெஞ்சுல பதக்கம். செங்கோடனப் பாத்ததும் அதே சிரிப்பு.

"செங்கோடன், சயாம் எங்க எதிரி இல்ல. நீயும் எதிரி இல்ல. அக்கரைக்கு வழி மட்டும் வேணும்."

 செங்கோடனுக்குச் சட்டம் சட்டம்தானே? கூடையக் காட்டினான். "தொரை, ஆயுதத்தோட ஏறக் கூடாதுங்க. யாரா இருந்தாலும்."

சுத்தி நின்ன சிப்பாயிங்க துப்பாக்கியத் தூக்கிட்டானுங்க. பல்லு டாக்டர் கையக் காட்டி நிறுத்தினான். மெதுவா வாள உருவினான்.  அவன் அந்த வாளக் கொண்டு போயி, கூடையில வச்சான். தலையக் குனிஞ்சு வச்சானாம்! சிப்பாயிங்களப் பாத்து ஏதோ சொன்னான். அவனுங்களும் ஒருத்தன் பின்னால ஒருத்தனா துப்பாக்கிய வச்சானுங்க. கூடை நெறைஞ்சுருச்சு. மிச்சத்தத் தெப்பத்து நடுவுல வெறகு மாதிரி அடுக்கினானுங்க.

செங்கோடன் மனசு குளுந்து போச்சு. இவ்வளவு பெரிய பட்டாளம் என் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுச்சே! அப்ப நான் யார் பக்கமும் இல்லதானே! அப்படி நினைச்சுக்கிட்டே கயித்த இழுத்தான்.

ஐயோ, இந்த இடம் வந்தா எனக்குக் கோபம் கோபமா வரும். யார் மேலன்னு தெரியல.

தென்கரை வந்துச்சு. சிப்பாயிங்க சேத்துல இறங்கினானுங்க. செங்கோடன் என்ன செஞ்சான்? பழக்க தோசம். ஒவ்வொரு துப்பாக்கியா எடுத்து, துணியால ஈரத்தத் தொடச்சு, கைப்பிடி அவங்க பக்கம் இருக்கிற மாதிரி மரியாதையா நீட்டினான். ஒண்ணு, அடுத்தது, அதுக்கு அடுத்தது. எல்லாத்தையும்.

சாவடியிலருந்து ராக்கியண்ணன் வெளிய வந்தான். மச்சான் தெப்பந்தானேன்னு வந்தான். ஆளுங்களப் பாத்தான். ஊதல வாயில வச்சான். ஊதினானோ இல்லையோ, அதுக்குள்ள சுட்டுட்டானுங்க. படியிலேயே விழுந்தான்.

செங்கோடன் கையில அப்ப இன்னொரு துப்பாக்கி இருந்துச்சாம், பாதி தொடச்ச துப்பாக்கி.

அன்னிக்குப் பொழுதுக்கும் தெப்பத்த நிறுத்த விடல. போயிட்டு வந்தான், போயிட்டு வந்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா பாவாயி அழல. அடுப்புக்கு முன்னால உக்காந்திருந்தா.

"ஏனுங்க, எந்தத் துப்பாக்கின்னு ஞாபகம் இருக்குதுங்களா?"ன்னு கேட்டா.

"பாவாயி, நான் யார் பக்கமும் இல்ல. உனக்குத் தெரியாதா?"

"அது தெரியுமுங்க. தெப்பம் எந்தப் பக்கம் போச்சு?"

அதுக்கப்புறம் அந்த வார்த்தைய அவன் வாயில யாரும் கேக்கலையாம்.

வழி மட்டும்தானே கேட்டாங்க? போயிட்டானுங்களா? எங்க போனானுங்க! வடகரையில கொட்டாய் போட்டானுங்க. அரிசி வேணும்னானுங்க, குடுத்தாச்சு. மாடு வேணும்னானுங்க, குடுத்தாச்சு. கூட்டு சேருறதாக் கையெழுத்து வேணும்னு தலைநகரத்துல கேட்டானுங்க, அதையும் குடுத்தாச்சு. கொஞ்ச நாள்ல சயாமே வெள்ளைக்காரன் மேல சண்ட போடுறதாச் சொல்லிருச்சு. சோம்சாய் வந்து சொன்னாராம், "செங்கோடன், நாம இப்ப சண்டக்காரங்களாம். யாரோடன்னுதான் எனக்குப் புரியல."

ஒரு வருசம் போச்சு. சயாம் காட்டுக்குள்ள ரயில் ரோடு போடுறாங்க, கூலி உண்டு, சோறு உண்டுன்னு சொல்லித் தென்கரைத் தோட்டத்துலயெல்லாம் ஆள் பிடிச்சாங்க. போனவன் எவனும் திரும்பல. காலராவுல போனான், பட்டினியில போனான், அடியில போனான். அது எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அப்புறம் எவன் போவான்? அப்ப துப்பாக்கியக் காட்டிப் பிடிச்சானுங்க.

அப்படி ஒரு நாள் தென்கரையில நாப்பது அம்பது பேரக் கொண்டாந்து நிறுத்தினானுங்க. அத்தனையும் நம்ம சனம். செங்கோடன் கூட ஒண்ணா மரம் வெட்டினவங்களும் இருந்தாங்களாம். கூட அஞ்சாறு சிப்பாய். அதே பல்லு டாக்டர். இப்ப சிரிப்பில்ல, அவசரம்.

செங்கோடன் கூடையத் தூக்கி முன்னால வச்சான். "தொரை, சட்டம்"னான்.

பல்லு டாக்டருக்கு எரிச்சல்தான். ஆனா இந்தக் கிறுக்கன் சட்டத்த ஒத்துக்கிட்டா வேல சுளுவா முடியும்னு அவனுக்குத் தெரியும். முன்ன முடிஞ்சிருக்குல்ல? ஏறுறவன் எல்லாம் வெறுங்கையோட நிக்கிற கூலிங்கதானே? வாளக் கூடையில போட்டான். சிப்பாயிங்களும் துப்பாக்கிய அடுக்கினானுங்க.

தெப்பம் நகர்ந்துச்சு. நடு ஆத்துக்கு வந்துச்சு. தண்ணி சுழிச்சுக்கிட்டு ஓடுற இடம். செங்கோடன் கயித்த விட்டான். கும்பிட்டான். "அர்த்தநாரீஸ்வரா, சத்தியம் தப்புறேன்"னு எல்லாரும் கேக்கச் சொன்னானாம். சொல்லிட்டு, கூடைய ஒரே உதை! துப்பாக்கி அடுக்க ரெண்டு கையாலயும் வாரி ஆத்துல தள்ளினான்.

அத்தன வருசத்துல அவன் நடு ஆத்துல கூடையத் தொட்டது அன்னிக்குத்தான்.

"டேய், என்ன வேடிக்க பாக்குறீங்க? அவனுங்க கையிலயும் ஒண்ணும் இல்லடா!"ன்னு கத்தினான். கத்திக்கிட்டே தெப்பத்தக் கயித்துலருந்து அவுத்து விட்டுட்டான். தெப்பம் வெள்ளத்தோட போச்சு. தெப்பத்து மேல என்ன நடந்துச்சுன்னு கேக்காதீங்க. எனக்குச் சொன்னவங்களும் அந்த இடத்துல பேச்ச நிறுத்திக்கிட்டாங்க. கீழ, சதுப்புக் காட்டுல தெப்பம் முட்டி நின்னப்ப சிப்பாயிங்களும் இல்ல, பல்லு டாக்டரும் அதுல இல்லையாம். நம்ம ஆளுங்க காட்டுக்குள்ள சிதறி ஓடித் தப்பிச்சாங்க.

செங்கோடன் மட்டும் ஓடல. "பாவாயி வடகரையில இருக்கா"ன்னு சொல்லித் திரும்ப நடந்தானாம். தென்கரைத் துறையிலேயே மத்த சிப்பாயிங்க பிடிச்சானுங்க. அந்தச் சாவடிப் படியிலதான், மச்சினன் விழுந்த அதே படியிலதான், அவன் தலைய வாங்கினதாச் சொல்றாங்க. அதோட விட்டானுங்களா? சோம்சாய் ஊர முழுசாக் கொளுத்தினானுங்க. அந்த ஊர்க்காரங்க ஒரு தப்பும் பண்ணல. கடைசி வருசம் வெள்ளைக்காரன் ஏரோப்ளேன் வந்து, எரிஞ்சு மிச்சமிருந்த இடத்துல குண்டு போட்டுச்சு. அதுல சோம்சாய் போனாரு. பல்லு புடுங்கிக்கிட்ட அவரு சம்சாரமும் போச்சு. இவன் எரிச்சான், அவன் குண்டு போட்டான். அவங்க யார் பக்கம்னு யாரு விசாரிச்சா?

நம்ம சனம் தப்பிச்சதுக்குச் சயாம் ஊரு எரிஞ்சுச்சு. அது சரியா தப்பான்னு என்னக் கேட்டா எனக்குத் தெரியாது. பாவாயிக்கும் தெரியலையாம். சாகுற வரைக்கும் வருசா வருசம் அந்த எரிஞ்ச மேட்டுல போயி ஒரு படி அரிசி கொட்டிட்டு வருவாளாம். யாராச்சும் கேட்டா, "கடன்"னு மட்டும் சொல்லுவாளாம்.

சண்ட ஓய்ஞ்சதும் பாவாயிதான் ஒரு தோணி வாங்கி இந்தத் துறையில விட்டா. கூடை வைக்கல. கத்தி கொண்டு வந்தவனும் ஏறலாம். ஆனா ஏறுறதுக்கு முன்ன ஒவ்வொருத்தரையும் நிறுத்தி ஒரு கேள்வி கேப்பாளாம்: "அக்கரைக்குப் போயி என்ன செய்யப் போற?" பதில் சொல்லாதவன ஏத்த மாட்டா. சும்மாதான்னு சொன்னா, "சும்மா போறவனுக்கு எதுக்குத் தோணி? வீட்டுக்குப் போ"ம்பா. கல்யாணப் பொண்ணக் கூட விடல. ஒரு பொண்ணு, "அங்க போயி மாமியாகிட்டத் திட்டு வாங்கப் போறேன் ஆத்தா"ன்னு சொல்லி, எல்லாரும் சிரிச்சு, அப்புறம்தான் ஏத்தினாளாம்.

அதனாலதான் இதுக்குக் கேக்குற துறைன்னு பேரு வந்துச்சு. இன்னிக்கும் இங்க தோணி விடுறவன் அத வாய்விட்டுக் கேப்பான். வெளியூர்க்காரங்களுக்குக் கோபம் வரும், இவன் யாரு நம்மளக் கேக்கன்னு. வந்தா வரட்டும். பதில் சொல்லிட்டு ஏறட்டும்.

இப்ப என்னன்னா, மேல ஒரு மைலு தள்ளிப் பெரிய பாலம் கட்டிட்டாங்க. தோணிக்கு வர்றதே ஆத்தாங்கரைக் கிழடு கட்டைங்க நாலு பேருதான். போன மாசம் பாலத்து மேல லாரி போச்சு, மேல தார்ப்பாய் போட்டு மூடின லாரி, வரிசையா, விடாம. உள்ள என்ன இருந்துச்சோ, எந்த ஊருக்குப் போச்சோ. நிறுத்திக் கேக்க அங்க யாரும் இல்ல.