ரத்தப் பையில் அம்மாவின் கையெழுத்து

— அம்மா... அந்த ரத்தப் பையக் கொட்டிருவாங்களா?

— எந்தப் பைடி? மணி பன்னெண்டு ஆகப்போகுது, படு.

— உன் ரத்தந்தான். மூணு வாரம் முன்னாடி எடுத்து வச்சாங்களே, ரெண்டு பை.

— அத ஏன் கொட்டறாங்க? நாளைக்குக் கல்லீரல்ல இருக்கற கட்டிய எடுக்கும்போது எனக்கே திருப்பி ஏத்தத்தானே வச்சிருக்காங்க. வேற யாரோடதும் எனக்கு லேசுல சேராதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?

— அதான் பயமா இருக்கு.

— கத்தி என் வயித்துக்கு, நடுக்கம் உனக்கா? கட்டிலே ஆடுது பாரு.

— சிரிக்காத... நான் ஒண்ணு பண்ணிட்டேன்.

— என்ன, ஜூஸுன்னு நெனச்சுக் குடிச்சிட்டியா?

— அம்மா!

— சரி சரி, சொல்லு.

— ரெண்டாவது பை எடுத்ததும் உனக்குத் தலை சுத்துச்சுல்ல? கண்ண மூடிப் படுத்திருந்த. நர்ஸக்கா லேபிள நீட்டி, அம்மாகிட்ட கையெழுத்து வாங்குன்னாங்க...

— ம்...

— எழுப்ப மனசு வரல. நானே போட்டுட்டேன்.

— என் கையெழுத்தயா!

— ரெண்டே செகண்டுல.

— அடிப்பாவி! உள்ள இருக்கறது என் ரத்தந்தானே?

— சத்தியமா உன்னோடதுதான். பைய விட்டு நான் கண்ணையே எடுக்கல. ஆனா காலைல உன்கிட்ட இன்னொரு கையெழுத்து வாங்கி, பையில இருக்கறதோட ஒத்துப் பாப்பாங்களாம். ஒத்துப்போகலன்னா...

— இதுக்கா சாயங்காலத்துலேர்ந்து மூஞ்சிய உம்முன்னு வச்சிருந்த?

— வேற எதுக்கு?

— அது இருக்கட்டும். ரெண்டு செகண்டுல எப்படி வந்துச்சு என் கையெழுத்து?

— அது... சும்மா வந்துருச்சு.

— உண்மையச் சொல்லு.

— ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டுல... போட்டுப் போட்டு...

— எத்தன வருஷமா?

— ஏழாவதுலேர்ந்து.

— நாலு வருஷமா! சபாஷ்!

— ஐயோ, மெதுவா! பக்கத்து பெட்டுல முழிச்சிக்கப் போறாங்க. நர்ஸக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிடட்டுமா?

— விடிஞ்சதும் ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்லுவோம். மொதல்ல பேனாவக் குடு.

— எதுக்கு?

— இந்த மருந்துச் சீட்டுக்குப் பின்னாடி... இந்தா. என் கையெழுத்து.

— அம்மா... இது அப்படியே நான் போடறது! அந்தக் கடைசி சுழி கூட... எப்படிம்மா?

— ஏழாவதுல கணக்குல பதினொண்ணு வாங்குனியே, அப்பவே ரிப்போர்ட்டுல நீ போட்டதப் பாத்துட்டேன்டி. டீச்சர்கிட்ட நீ மாட்டிக்கக் கூடாதேன்னு என்னோடத உன்னோடத மாதிரி மாத்திக்கிட்டேன். இப்ப பேங்க்ல கூட இதான். படு!